சுவரில் ஒட்டிய ஏழு படங்கள்



இம்மாதம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே செய்திக்குள் நுழைய விரும்புகிறேன். குற்றம் புரிந்தவன் நானே.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர் மக்தபில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஓதச் சேர்ந்தான். ஒருமுறை காதில் விழுந்த சூராவை மறுநாள் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்துவிடுவான். ஆனால் அஸருக்குப் பின் நாற்பது பிள்ளைகளும் ஒருசேரக் குரலெடுத்து ஓதத் தொடங்கியதும் இரு காதுகளையும் பொத்திக்கொள்வான். ஓதும் பலகைக்கு அடியில் புகுந்துகொள்வான். சில நாட்களில் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடிவிடுவான். கேட்ட கேள்விக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல மாட்டான். கேள்வியையே எனக்குத் திருப்பிச் சொல்வான். "என்ன, கேலி செய்கிறாயா?" என்றால் "கேலி செய்கிறாயா?" என்பான்.

இது திமிர் என்று முடிவு கட்டினேன். பிரம்பை எடுத்தேன். ஒரு நாளோடு அது நிற்கவுமில்லை. ஒரு மாலையில் அடி விழுந்ததும் அவன் அழவில்லை. தன் கையையே கடித்துக்கொண்டான். பற்கள் பதிந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. அன்று மஃரிபுக்குச் சற்று முன்பு அவனுடைய தாய், மாமியாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மக்தபின் வாசலில் வந்து நின்றார். என்னைக் கடிந்து ஒரு சொல் பேசவில்லை. "ஹஜ்ரத், அவன் அடம் பிடிக்கவில்லை. சத்தம் அவனுக்கு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மகனை அழைத்துச் சென்றார்.

சத்தம் வலிக்குமா? கல்லூரிப் பட்டமும் மார்க்கக் கல்வியும் பெற்றிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு சில வாரங்கள் கழித்து, அவனுடைய வாப்பாவின் அழைப்பின்பேரில் அந்த இல்லத்துக்குச் சென்றேன். அன்று தொடங்கி அக்குடும்பம் எனக்குக் கற்றுத் தந்தவற்றையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

இது என்ன நிலை?

அச்சிறுவனுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் அப்போதுதான் கூறியிருந்தார். பேச்சையும், பிறரோடு உறவாடுவதையும், புலன்கள் கொண்டுவரும் செய்திகளையும் மூளை கையாளும் விதம் பிறவியிலேயே வேறுபட்டிருப்பதைத்தான் ஆட்டிசம் என்கின்றனர். காய்ச்சலைப் போல வந்து போகும் நோயன்று இது. மருந்து கொடுத்து நீக்கக்கூடியதும் அன்று. ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு சொல்லும் பேசாதவர்கள் உண்டு. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்களும் உண்டு.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்ற மருத்துவர், தம்மிடம் வந்த 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அன்றாடம் நடப்பவை மாறாமல் அப்படியே நடக்க வேண்டும் என்ற தீராத விருப்பமும், பேரொலிகளைக் கேட்டு அஞ்சும் இயல்பும் அக்குழந்தைகளிடம் இருந்ததை அவர் அன்றே குறித்து வைத்தார். ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறியோ அளவுக்குக் குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டது. பெரிய பெரிய நூல்கள் சொல்வதை அந்தத் தாய் மூன்றே சொற்களில் என்னிடம் சொல்லியிருந்தார்!

சொன்னதைத் திருப்பிச் சொல்வதும் கேலியன்று. சொற்களின் பொருளை உள்வாங்க அவகாசம் தேடும் மூளை, காதில் விழுந்ததை அப்படியே எதிரொலிக்கிறது. பல பிள்ளைகள் இந்த எதிரொலியின் வழியாகவே பேசக் கற்கின்றனர். நான் அடித்தது அவன் பேச முயன்றதற்காக என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

தாயின் மீது பழி

இத்தகைய பிள்ளை பிறந்துவிட்டால் நம் சமுதாயத்தில் முதலில் கூண்டில் ஏற்றப்படுபவள் தாய்தான். "கருவுற்றிருந்தபோது மஃரிப் நேரத்தில் வெளியே போனாயா?" என்பார் ஒருவர். "ஜின் தீண்டியிருக்கிறது" என்பார் இன்னொருவர். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்பார் மூன்றாமவர். அந்தச் சகோதரியும் இவை அனைத்தையும் கேட்டவரே. தாயத்தும் ஓதிய தண்ணீருமாக மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே அவருடைய மகன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்பட்டான்.

இந்தப் பழிச்சொல் நமக்கு மட்டும் உரியதும் அன்று. மேலைநாட்டு அறிஞர்களே ஒரு காலத்தில், தாய்மார்களின் குளிர்ந்த மனமே ஆட்டிசத்துக்குக் காரணம் என்றனர். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் இக்கருத்தை வலியுறுத்தி ஒரு நூலே எழுதினார். ஆயிரக்கணக்கான தாய்மார்கள் செய்யாத குற்றத்துக்காகக் கண்ணீர் வடித்தனர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், இது உடற்கூறு சார்ந்தது என்று 1964லேயே தம் நூலில் வாதிட்டிருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த 10 இணைகளில் அப்படி ஓர் இணைகூட இல்லை. பரம்பரைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது அதன் பின்னர் நடந்த பல ஆய்வுகளாலும் உறுதியாயிற்று.

தடுப்பூசியைக் குறை கூறுவோரும் உள்ளனர். 1998இல் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு கட்டுரை கிளப்பிவிட்ட புரளி அது. அக்கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இலட்சக்கணக்கான குழந்தைகளை ஆராய்ந்த பின்னரும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. இந்த அச்சத்தால் இளைய குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடாமல் விட்டுவிடாதீர்கள்.

துஆ செய்யுங்கள். துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் துஆவைக் காரணம் காட்டி மருத்துவரிடம் செல்லும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஏழு படங்கள்

நான் அந்த இல்லத்துக்குச் சென்றபோது முதலில் கண்ணில் பட்டது, நடுக்கூடத்துச் சுவரில் சிறுவனின் கண்மட்டத்தில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்த ஏழு படங்கள். அந்தச் சகோதரி கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை. ஒளுச் செய்யும் குவளை, இட்லித் தட்டு, பள்ளிக்கூடப் பை, ஊஞ்சல், ரேகால் பலகை, பாய் தலையணை. ஏழாவது அட்டையில் படம் இல்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

வாயால் சொல்லும் சொல் காற்றில் கரைந்துவிடுகிறது. படமோ சுவரில் நிற்கிறது. மறந்தால் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத அச்சமே இப்பிள்ளைகளின் பாதிக் கலக்கத்துக்குக் காரணம். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷோப்ளர் என்பவர் தொடங்கி வைத்த, 1972இல் அம்மாநிலம் முழுவதும் விரிவுபெற்ற பயிற்சித் திட்டம் இந்தப் பட அட்டவணைகளை உலகெங்கும் பரப்பியது. அந்தச் சகோதரிக்கு இப்பெயர்கள் எதுவும் தெரியாது. நகரத்து மருத்துவமனையில் பயிற்சியளித்த பெண்மணி சொன்னதை வீட்டில் செய்து பார்த்தார்; அவ்வளவே.

ஒரு வேலை முடிந்ததும் சிறுவன் அதற்குரிய படத்தை எடுத்துக் கீழே உள்ள பெட்டியில் போடுவான். "முடிந்தது" என்பது அவன் கையாலேயே உறுதியாகிறது. "முதலில் இது, பிறகு அது" என்று இரண்டே படிகளில் பேசுவதும் அவ்வீட்டின் வழக்கம். "முதலில் ஒளு, பிறகு ஊஞ்சல்." நீண்ட அறிவுரைகள் இல்லை.

கேள்விக்குறி எதற்கு என்று கேட்டேன். "என்றாவது வழக்கம் மாறத்தானே செய்யும் ஹஜ்ரத்? விருந்தாளி வருவார்கள், பள்ளிக்கூடம் விடுமுறை விடும். அன்று காலையிலேயே இதை நடுவில் ஒட்டிவிடுவேன். இன்று தெரியாத ஒன்று வரும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்" என்றார். தொடக்கத்தில் மாதம் ஒருமுறை, அதுவும் இனிய மாற்றத்துக்கே அந்த அட்டையைப் பயன்படுத்தினாராம். கடைத்தெருவுக்குப் போய்க் குளிர்பானம் அருந்துவதும், கடற்கரைக்குப் போவதுமாக அது பழகியது. பின்னரே மருத்துவமனை போன்ற கசப்பான மாற்றங்களுக்கு அதைக் கொண்டுவந்தார்.

சகோதரிகளே, நம் இல்லங்களுக்கு வல்ல அல்லாஹ் ஏற்கனவே ஓர் அட்டவணையைத் தந்திருக்கிறான். ஐந்து வேளைத் தொழுகை எந்நாளும் நாளை ஐந்தாகப் பகுத்துக் கொடுக்கிறது. சுப்ஹுக்குப் பின் இது, லுஹருக்குப் பின் இது, அஸருக்குப் பின் இது என்று பிள்ளையின் நாளை அந்த ஐந்து முளைகளிலும் கட்டிவிட்டால், கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் நாளின் வடிவம் விளங்கிவிடும்.

ஒலியும் ஒளியும் உணவும்

பாங்கு சொல்லும் ஒலிபெருக்கி அவ்வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. ஐந்து நிமிடங்களுக்கு முன்பே தாய் அவனுக்கு நினைவூட்டுவார்; தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்துவார்; காதை மூடும் பட்டையை அவனே எடுத்து அணிந்துகொள்வான். மிக்சியைப் போடுவதற்கு முன் "அரைக்கப் போகிறேன்" என்று குரல் கொடுப்பார். குக்கர் எத்தனை முறை கூவும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவன் விரல் விட்டு எண்ணுவான். எண்ணத் தொடங்கியதும் அச்சம் குறைந்தது. எதிர்பாராமல் வரும் ஒலிதான் அவனை மிகவும் வதைத்தது.

விட்டு விட்டு மின்னும் பழைய குழல் விளக்கை அகற்றி மங்கலான மஞ்சள் விளக்கைப் பொருத்தினர். சட்டைக் கழுத்தில் உரசும் துணிச்சீட்டைக் கத்தரித்துவிட்டனர். அத்தரும் சாம்பிராணிப் புகையும் அவனுக்கு ஒவ்வாதவை. அவை அவன் அறைக்குள் செல்வதில்லை. ஒளுவுக்குக் குளிர்ந்த நீர் கூடாது. வெதுவெதுப்பான நீரும், துடைக்க மெல்லிய பழந்துணியும் அருகிலேயே இருக்கும்.

உணவு விஷயத்தில் அச்சகோதரியின் பொறுமையைக் கண்டு நான் தலைவணங்குகிறேன். இடியாப்பம், தயிர்ச் சோறு, இட்லி என்று வெண்ணிற உணவுகளை மட்டுமே அவன் உண்டான். வற்புறுத்தி ஊட்டினால் குமட்டி எடுத்தான். "பட்டினி போட்டால் தானாகத் தின்பான்" என்று உறவினர் கூறினர். அவரோ புதிய பண்டத்தை ஒரு கரண்டி அளவு தட்டின் ஓரத்தில் வைப்பார். உண்ணும்படி சொல்ல மாட்டார். முதலில் அது தட்டில் இருப்பதைப் பொறுத்துக்கொண்டான். சில வாரங்களில் தொட்டான், பின்னர் முகர்ந்தான். அவித்த முட்டை அவன் வாய்க்குள் சென்றபோது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன! எடை குறைந்தாலோ உண்ணும் வகைகள் மிகச் சுருங்கினாலோ மருத்துவரிடம் காட்டத் தவறக் கூடாது.

கொந்தளிக்கும் வேளையில்

எவ்வளவு முன்னேற்பாடு செய்தாலும் சில நாட்களில் பிள்ளை நிலைகுலைந்து கதறும். தரையில் தலையை மோதும். ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்காக அழும் அடத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அடம் பிடிக்கும் பிள்ளை நம்மை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழும்; கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். நிலைகுலைந்த பிள்ளை யாரையும் பார்ப்பதில்லை. கேட்டதைக் கொடுத்தாலும் நிறுத்த இயலாது. கொள்ளளவு மீறிய பாத்திரம் வழிவது போன்றது அது.

அவ்வேளையில் நாம் செய்ய வேண்டியவை மிகச் சில. கூட்டத்தை விலக்குங்கள். விளக்கையும் ஒலியையும் குறையுங்கள். மோதிக்கொள்ளக்கூடிய பொருட்களை அகற்றித் தலைக்கு அடியில் தலையணையை வையுங்கள். "ஏன் அழுகிறாய்?" என்று கேள்வி கேட்காதீர்கள், பேசினால் ஓரிரு சொற்கள், அதுவும் தாழ்ந்த குரலில். ஆபத்து இருந்தாலன்றி இறுகப் பிடிக்காதீர்கள். அடங்கிய பின் அறிவுரை கூறாமல் ஓய்வெடுக்க விடுங்கள். மறுநாள் மட்டும், அதற்கு முன் என்ன நடந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். இரண்டு மாதக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்த அந்தத் தாய், உறக்கம் குறைந்த மறுநாட்களில்தான் பெரும்பாலும் இது நேர்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். அதன் பின் இஷாவுக்குப் பிறகு தொலைக்காட்சியும் கைப்பேசியும் அவ்வீட்டில் ஒலிப்பதில்லை.

அக்காளும் வாப்பாவும்

அவனுடைய ராத்தாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. புத்தகத்தை வைத்த இடம் மறப்பாள். பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றுவிடுவாள். வீட்டுப் பாடத்தை முடித்தும் பள்ளிக்குக் கொண்டுபோக மறப்பாள். "பொறுப்பில்லாதவள், புகுந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவாள்?" என்பது வாப்பும்மாவின் அன்றாடப் புலம்பல். தம்பிக்காகச் சென்ற மருத்துவரே அவளையும் பரிசோதித்தார். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச் சிதறல் நிலை அவளுக்கு இருந்தது. இந்நிலை உள்ள ஆண் பிள்ளைகள் ஓடியாடி நம் கண்ணில் பட்டுவிடுகின்றனர். பெண் பிள்ளைகளோ பலர் அமைதியாகக் கனவு கண்டுகொண்டிருப்பதால் 'சோம்பேறி' என்ற பெயரோடு வளர்ந்துவிடுகின்றனர்.

அவளுக்காகச் சாவிக்கும் பைக்கும் பர்தாவுக்கும் வாசலருகே மூன்று ஆணிகள் அடிக்கப்பட்டன. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே சொல்லப்பட்டது. பாடம் படிக்க பதினைந்து நிமிட மணற்கடிகாரம். மணல் தீர்ந்ததும் எழுந்து நடக்க ஐந்து நிமிடம். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை என்றாலும் கவனச் சிதறலுக்குப் பயன் தரும் மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவரின் கண்காணிப்பில்தான் உட்கொள்ள வேண்டும். இரவில் தம்பி உறங்கிய பிறகு இருபது நிமிடங்கள் அவளுக்கே உரியவை. அப்போது உம்மா வேறு எந்த வேலையும் செய்வதில்லை. சிரமப்படும் பிள்ளையின் உடன்பிறந்தோர் தாயை இழந்துவிட்டதாக உணர்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வாப்பா கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஒரே குவளையில்தான் தேநீர் அருந்துவார். திருமண வீட்டுக்குச் சென்றால் பத்து நிமிடத்தில் வெளியேறிவிடுவார். கடையிலிருந்து வந்ததும் எவரோடும் பேசாமல் அறைக்குள் செல்வார். "என்னைப் பிடிக்கவில்லை போலும்" என்று மனைவி பதினான்கு ஆண்டுகள் மனம் நொந்திருந்தார். மகனைப் பற்றி மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலை குனிந்து, "டாக்டர், நீங்கள் சொல்வது எல்லாம் நான்தான்" என்றாராம்.

அன்று முதல் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். கடையிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் அவருக்குத் தனிமை; அதன் பின் அவர் மகனை ஊஞ்சலில் வைத்து ஆட்ட, மனைவிக்கு அரை மணி நேர ஓய்வு. வாயால் சொல்ல இயலாத மனக்குறைகளை இருவரும் ஒரு சிலேட்டில் எழுதி வைத்தனர். கணவன் மனைவியருக்கு இடையே பிணக்கு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டால், பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது அல்லவா?

ரமளானும் பெருநாளும்

ரமளானில் நம் வீடுகளில் இரவு பகலாகிறது. ஸஹருக்கு எழுவதும், நோன்புக் கஞ்சி வாங்க ஓடுவதும், தராவீஹுக்குச் செல்வதும் நமக்கு மகிழ்ச்சி; வழக்கத்தைப் பற்றிக்கொண்டு வாழும் பிள்ளைக்கோ அது பூகம்பம். அவ்வீட்டில் ஷஃபான் பிறந்ததுமே நோன்புக் காலத்துக்குரிய படங்கள் தயாராகிவிடும். அவனுடைய உறங்கும் நேரம் மட்டும் எக்காரணம் கொண்டும் மாறாது.

பெருநாளுக்கு எடுத்த புதுச்சட்டை முன்பே இரண்டு முறை துவைக்கப்பட்டு மொடமொடப்பு நீக்கப்படும். ஈத்கா மைதானத்துக்கு முதல் நாளே சென்று காலி இடத்தைக் காட்டி வருவார் வாப்பா. கட்டித் தழுவி வாழ்த்துவது அவனுக்கு இயலாது. கையை நெஞ்சில் வைத்து ஸலாம் சொல்வான். உறவினர்களும் அதற்குப் பழகிக்கொண்டனர். தழுவிக்கொள்ளாவிட்டாலும் அந்த ஸலாம் ஸலாம்தானே!

அலமாரியில் மறைந்த காகிதம்

மருத்துவர் எழுதிக் கொடுத்த அறிக்கை இரண்டு ஆண்டுகள் வாப்பும்மாவின் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடந்தது. வெளியே தெரிந்தால் பேத்திக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற அச்சமே காரணம். அந்த முதியவரைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. அவ்வாறு அஞ்சும்படி வைத்தது நாம் அல்லவா? பெண் பார்க்கப் போகும்போது தம்பி தங்கையின் குறைகளைத் துருவித் துருவி விசாரிப்பவர்கள் நாம் அல்லவா?

மறைத்ததால் இழப்பு பிள்ளைக்கே. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளோர்க்கெனவும் இயற்றப்பட்டது. அதன் கீழ் 'நிராமயா' என்னும் திட்டத்தில் ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. பதினெட்டு வயது கடந்தவருக்குப் பாதுகாவலர் தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவை அணுகலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அவற்றில் அடங்கும். 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனம் உள்ளது. சான்றிதழ் கையில் இருந்தால்தான் இக்கதவுகளில் பல திறக்கும். ஒன்றரை வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, விரலால் சுட்டிக் காட்டாத குழந்தையை 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாமல் உடனே பரிசோதிக்கச் செய்யுங்கள்.

மருமகளின் கண்ணீரைப் பொறுக்க முடியாத வாப்பும்மாவே ஒருநாள் அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பேத்திக்குத் திருமணப் பேச்சு வந்தபோது எதையும் மறைக்காமல் சொன்னார்கள். முதலில் வந்த இரண்டு வீட்டார் பின்வாங்கினர். மூன்றாவது வீட்டார் ஏற்றுக்கொண்டனர். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவள் தன் வீட்டிலும் மூன்று ஆணிகளை அடித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள்.

நம் கடமை என்ன?

பிள்ளை அழும் ஓசை கேட்டால், அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கிக்கொண்டார்கள் என்பதை நாம் மேடைதோறும் கேட்கிறோம். மனநிலை சற்றுப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி தம்மிடம் பேச வேண்டும் என்றபோது, எந்தத் தெருவில் விரும்பினாலும் வந்து கேட்பதாகக் கூறி, அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார்கள் அண்ணலார். இதைக் கேட்டுக் கண் கலங்கும் நாம், பள்ளிவாசலில் ஒரு பிள்ளை கூச்சலிட்டால் வாப்பாவை முறைத்துப் பார்க்கிறோமே, இது நியாயமா?

உறவினர்களே, அத்தகைய வீட்டுக்குச் செல்லும்போது அறிவுரையைச் சுமந்து செல்லாதீர்கள். ஒரு வேளைச் சோறு சமைத்து எடுத்துச் செல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பிள்ளையோடு அமர்ந்திருந்து, தாயை உறங்க விடுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, வெளித்தாழ்வாரத்தில் மின்விசிறியும் ஒலிபெருக்கியும் இல்லாத ஓர் அமைதியான மூலையை இப்பிள்ளைகளுக்கும் அவர்தம் தந்தையருக்கும் ஒதுக்கித் தாருங்கள்.

உஸ்தாதுமார்களே, உங்களிடம் நான் சொல்லக் கூடியது என் அனுபவமே. அச்சிறுவனை மீண்டும் ஓத அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன் பதினைந்து நிமிடங்கள் அவனுக்கு மட்டும் மெல்லிய குரலில் ஓதிக் கொடுத்தேன். வாசலருகே அவனுக்கு இடம் கொடுத்தேன். மனம் கலங்கினால் கேட்காமலே வெளியே செல்லலாம் என்றேன். அவ்வாறு சொன்ன பிறகு அவன் ஓடியது மூன்று முறைதான்.

அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பிரம்பு எங்கே?" என்றான். முறித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். "எத்தனை துண்டு?" என்று கேட்டான். "மூன்று" என்றேன். சற்று நேரம் எண்ணிப் பார்ப்பவன் போல இருந்துவிட்டு, யஸ்ஸர்னல் குர்ஆனைத் திறந்தான்.

இன்று அவனுக்கு இருபத்தொரு வயது. ஆட்டிசம் அவனை விட்டுப் போகவில்லை, போகவும் போகாது. வாடிக்கையாளர்களோடு அவனால் பேச இயலாது. ஆனால் வாப்பாவின் கடையில் எந்த அளவு ஆணி எத்தனை கிலோ இருப்பில் உள்ளது என்பது கணக்கேட்டைப் பார்க்காமலே அவனுக்குத் தெரியும். சுவரில் இருந்த ஏழு படங்கள் இப்போது அவன் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடாக இருக்கின்றன. அதன் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குறி இன்றும் உண்டு. மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்கு வந்து, கடைசி வரிசையில் வாசலருகே காதுப்பட்டையோடு நிற்கிறான். யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வாறு திரும்பிப் பார்க்காமல் இருக்க எங்கள் ஊர் கற்றுக்கொள்வதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. உங்கள் ஊருக்கு அவ்வளவு காலம் பிடிக்க வேண்டாம்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். நம்மைப் போல் இல்லாத பிள்ளையும் அதே அமானிதமே. அவர்களைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தையும், அவர்களுக்காக உழைத்துக் களைத்த தாய் தந்தையருக்குத் தோள் கொடுக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! அறியாமல் அடித்த கைகளையும் அவன் மன்னித்தருள்வானாக! ஆமீன்.